பேக்டு பெட்டில் திரவ ஓட்டம்: கம்ப்யூட்டருக்கு முன்னால் ஒரு வாளித் தண்ணீர்

பேக்டு பெட் ரியாக்டருக்கு (மணிகளோ வினையூக்கிக் குண்டுகளோ அடைத்து, அவற்றின் இடுக்கில் திரவம் ஓடவிடும் குழாய்) மாடல் போட வேண்டும், எந்த சாஃப்ட்வேர் நல்லது என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒரே கேள்வி: "பெட்டுக்குள்ள எவ்வளவு தண்ணி பிடிக்குதுன்னு அளந்து பார்த்தீங்களா?" அநேகமாகப் பதில் வராது. "இடைவெளி 0.4 பங்குன்னு புத்தகத்துல போட்டிருந்தது மேடம், அதையே எடுத்துக்கிட்டோம்" என்பார்கள். பாதி வம்பு அந்த 0.4-இல்தான் இருக்கிறது.

நான் பைலட் அளவு ரியாக்டர்களோடு பல வருடம் மல்லுக்கட்டியவள். அந்தப் பழக்கத்தில் வந்த வேலைமுறை இது. பேச்சு காற்றில் போகாமல் இருக்க, கடைசி வரை ஒரே பெட்டை வைத்துக்கொள்வோம்: உள்விட்டம் 10 செ.மீ. உள்ள கண்ணாடிக் குழாய், பெட் உயரம் 1 மீட்டர், உள்ளே 3 மி.மீ. கண்ணாடி மணிகள். 20 டிகிரி தண்ணீர் நிமிடத்துக்கு 4.7 லிட்டர் ஓடுகிறது. குழாய் காலியாக இருப்பதாக வைத்துக் கணக்கிட்டால் வினாடிக்கு 10 மி.மீ. வேகம். ஒரு கால்குலேட்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கூடவே வாருங்கள்.

வாய்டேஜ்: எல்லாவற்றுக்கும் ஆணிவேர்

பெட்டின் மொத்தக் கொள்ளளவில் திடப்பொருள் இல்லாத இடைவெளி எவ்வளவு பங்கு என்பதுதான் வாய்டேஜ். இதை அளக்க ஒரு வாளி, ஒரு தராசு போதும். உலர்ந்த மணிகளைக் குழாயில் நிரப்பி, உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அடியிலிருந்து மெல்லத் தண்ணீர் ஏற்றுங்கள். மேலிருந்து ஊற்றினால் காற்றுக் குமிழிகள் இடுக்கில் மாட்டிக்கொள்ளும். மாட்டிய குமிழி உங்கள் கணக்கில் மணியாகிவிடும். பெட்டின் மேல்மட்டத்தைத் தண்ணீர் தொட்டவுடன் நிறுத்தி, வாளியில் எத்தனை கிலோ குறைந்தது என்று பாருங்கள். அடி வலைக்குக் கீழே நிற்கும் தண்ணீரைத் தனியாக அளந்து கழிக்க மறக்க வேண்டாம்.

நம் குழாயில் பெட்டின் கொள்ளளவு 7.85 லிட்டர். உள்ளே போன தண்ணீர் 3.06 லிட்டர் என்றால் வாய்டேஜ் 0.39.

சிலர் அவசரத்துக்கு, நிரம்பிய பெட்டை வடித்து, வடிந்த தண்ணீரை அளப்பார்கள். அது வேறு எண். மணிகளுக்கு நடுவே, தொடும் இடங்களில், தண்ணீர் ஒட்டிக்கொண்டு நிற்கும். இந்த அளவு மணிகளில் சில நூறு மில்லி உள்ளேயே தங்கிவிடும்.

வினையூக்கி நுண்துளை உள்ளதாக இருந்தால் இன்னொரு சிக்கல்: குண்டுகளே தண்ணீரைக் குடிக்கும். அந்தத் தண்ணீர் ஓடுகிற தண்ணீர் அல்ல. அப்படிப்பட்ட பேக்கிங்கை முதலில் ஒரு நாள் ஊறவைத்து, ஈரத் துணியில் புரட்டி மேல்பூச்சு நீரை எடுத்துவிட்டு, அதன் பிறகு நிரப்பி அளக்க வேண்டும்.

ஏன் இவ்வளவு நுணுக்கம்? அளவையில் 100 மி.லி. பிசகினால், அரை டம்ளர்தான், வாய்டேஜ் 0.39 என்பது 0.40-ஐத் தாண்டிப் போய்விடும். அழுத்த இழப்பு 12 சதவீதம் மாறிவிடும். ஒரே மணிகளை மெல்லச் சரித்து ஊற்றினால் 0.40 பக்கம் வரும். குழாயைத் தட்டித் தட்டி இறுக்கினால் 0.36 வரை இறங்கும். இந்த இரண்டுக்கும் நடுவே பாகுநிலையால் (திரவத்தின் உள் உராய்வால்) வரும் அழுத்த இழப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் வித்தியாசப்படும். பொருள் அதே பொருள், குழாய் அதே குழாய். எப்படி நிரப்பினீர்கள் என்பதை பெட் மறப்பதில்லை.

எர்கன் சமன்பாடும் அதில் வழுக்கும் இடங்களும்

மணல் வழியாக ஓடும் தண்ணீரைப் பற்றி ஹென்றி டார்சி 1856-இல் வெளியிட்டார்: வேகமும் அழுத்த இழப்பும் நேர் விகிதம். கோசெனி 1927-இலும் கார்மன் 1937-இலும் அந்த விகித எண்ணைத் துகள் அளவோடும் இடைவெளியோடும் முடிச்சுப் போட்டார்கள். வேகம் கூடும்போது நேர் விகிதம் உடைவதையும் சேர்த்துக் கட்டியது சப்ரி எர்கன், 1952-இல். இன்றும் முதல் கணக்கு அதில்தான்:

மீட்டருக்கு அழுத்த இழப்பு = 150 × பாகுநிலை × (1 − வாய்டேஜ்)² × வேகம் ÷ (வாய்டேஜ்³ × விட்டம்²) + 1.75 × அடர்த்தி × (1 − வாய்டேஜ்) × வேகம்² ÷ (வாய்டேஜ்³ × விட்டம்)

நம் பெட்டுக்கு முதல் பகுதி (பாகுநிலைப் பகுதி) 1045 பாஸ்கல், இரண்டாம் பகுதி (வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும் நிலைமப் பகுதி) 600 பாஸ்கல். கூட்டினால் மீட்டருக்கு 1645 பாஸ்கல். மானோமீட்டரில் சுமார் 17 செ.மீ. தண்ணீர் உயரம். கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய எண். எனக்கு இதுதான் பிடிக்கும்.

இந்தச் சமன்பாட்டில் 'வேகம்' என்பது வெற்றுக் குழாய் வேகம். மணிகளின் இடுக்கில் தண்ணீர் உண்மையில் இதைவிட வேகமாக ஓடுகிறது: 10-ஐ 0.39-ஆல் வகுத்தால் வினாடிக்கு 25.6 மி.மீ. இதை இடுக்கு வேகம் என்று வைத்துக்கொள்வோம். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் ஒருமுறை முகம் வெளிறி வந்தாள். "மேடம், மாடல்ல 6600 பாஸ்கல் வருது, மீட்டர் 1600-தான் காட்டுது. மீட்டர் போச்சா?" மீட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. எர்கனில் இடுக்கு வேகத்தைப் போட்டிருந்தாள். முதல் பகுதி இரண்டரை மடங்கும் இரண்டாம் பகுதி ஆறரை மடங்கும் ஊதி, மொத்தத்தில் நான்கு மடங்கு ஆகிவிட்டது. அவளைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. இதே தப்பை நான் ஒரு முழு அறிக்கையில் செய்து, கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

அடுத்து விட்டம். மணி உருண்டையாக இருந்தால் கேள்வியே இல்லை. உருளை வடிவக் குண்டு என்றால் எந்த விட்டம்? 3 மி.மீ. விட்டம், 6 மி.மீ. நீளம் உள்ள உருளையை எடுங்கள். அதே கன அளவுள்ள உருண்டையின் விட்டம் 4.3 மி.மீ. கன அளவை மேற்பரப்பால் வகுத்து 6-ஆல் பெருக்கினால் 3.6 மி.மீ. எர்கனுக்கு வேண்டியது இரண்டாவது. தண்ணீர் உரசிக்கொண்டு போவது மேற்பரப்பில் அல்லவா? முதல் எண்ணைப் போட்டால் பாகுநிலைப் பகுதி 31 சதவீதம் குறைவாக வரும்.

150, 1.75 என்பவையும் பாறையில் வெட்டியவை அல்ல. மெக்டொனால்டும் கூட்டாளிகளும் 1979-இல் 180, 1.8 என்று பரிந்துரைத்தார்கள். ஆகவே கையில் பெட் இருக்கும்போது மற்றவர் எண்ணை அப்படியே நம்புவதைவிட உங்கள் எண்ணை நீங்களே எடுத்துவிடுவது மேல். வழி சுலபம்.

ஒரு நேர்கோடு போட்டுப் பாருங்கள்

ஐந்து ஓட்ட அளவுகளில் அழுத்த இழப்பை அளந்து, ஒவ்வொன்றையும் அதன் வேகத்தால் வகுத்து, வேகத்துக்கு எதிராகப் புள்ளி வையுங்கள். நேர்கோடு வர வேண்டும். கோடு அச்சை வெட்டும் இடம் பாகுநிலைப் பகுதி. சாய்வு நிலைமப் பகுதி. நம் பெட்டுக்கு, எல்லாம் மீட்டர், வினாடி, பாஸ்கல் அலகில், வெட்டும் இடம் ஏறத்தாழ 1,04,500; சாய்வு சுமார் 60 லட்சம்.

இந்தக் கோட்டை நான் நாடி பிடிப்பது போலப் பயன்படுத்துவேன். வெட்டும் இடமும் சாய்வும் ஒரே பக்கமாக, கிட்டத்தட்ட ஒரே அளவில் விலகினால் வாய்டேஜ் தப்பு. வெட்டும் இடம் மட்டும் விலகினால் தண்ணீரின் வெப்பநிலையைப் பாருங்கள்: 20 டிகிரியில் இருந்த பாகுநிலை 30 டிகிரியில் 20 சதவீதம் குறைந்துவிடும், நம் பெட்டில் மொத்த இழப்பு 1645-இலிருந்து 1435 பக்கம் இறங்கும். ஒரே தொட்டித் தண்ணீரைப் பம்பில் திரும்பத் திரும்பச் சுற்றவிட்டால், பம்பே அதைச் சூடாக்கும். சோதனை தொடங்கும்போது ஒரு வெப்பநிலை, முடியும்போது இன்னொன்று. சாய்வு மட்டும் கூடினால், பெரும்பாலும் அடி வலையின் இழப்பையும் பைப் வளைவுகளின் இழப்பையும் கழிக்காமல் விட்டிருப்பீர்கள்; அவை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுபவை. மணி போடாத வெறும் குழாயில் அதே ஐந்து ஓட்டங்களை ஒருமுறை ஓட்டிக் கழித்துவிட்டால் தீர்ந்தது.

கோடு மேல் முனையில் தரையைப் பார்த்து வளைகிறதா? ஓட்டம் கீழிருந்து மேலா என்று பாருங்கள். மணிகளின் எடையைத் தண்ணீர் தாங்க ஆரம்பித்துவிட்டது, பெட் மிதக்கிறது. கண்ணாடியின் அடர்த்தி கன மீட்டருக்கு 2500 கிலோ என்றால், நம் பெட் மிதக்க மீட்டருக்குச் சுமார் 9000 பாஸ்கல் வேண்டும். அது வினாடிக்கு 30 மி.மீ. வாக்கில் வந்துவிடும். அதாவது இப்போதைய ஓட்டத்தின் மூன்று மடங்கில். அதற்கு மேல் எர்கன் செல்லாது.

உப்புச் சோதனை

அழுத்த இழப்பு சரியாக வந்துவிட்டதாலேயே ஓட்டம் சீராக இருக்கிறது என்று அர்த்தமில்லை. பாதித் தண்ணீர் சுவரோரமாக ஓடினாலும் மொத்த இழப்பு நம்பும்படியான எண்ணைக் காட்டலாம். உள்ளே தண்ணீர் எவ்வளவு நேரம் தங்குகிறது, எல்லாம் ஒன்றாக வெளியே வருகிறதா என்பதற்கு ட்ரேசர் (தண்ணீரோடு போய், வெளியே வரும்போது அளக்கக்கூடிய அடையாளப் பொருள்) போட வேண்டும். தங்கும் நேரப் பரவலை ரியாக்டர் பொறியியலுக்குள் ஒழுங்காகக் கொண்டுவந்தது டாங்க்வெர்ட்ஸின் 1953-ஆம் ஆண்டுக் கட்டுரை. அந்த முறையே இன்னும் புழக்கத்தில் இருக்கிறது.

நீர்த்த பொட்டாசியம் குளோரைடு கரைசலைப் பெட்டுக்குச் சற்று முன்னால் ஊசியால் ஒரு வினாடிக்குள் செலுத்துங்கள். வெளிவாயிலில் மின்கடத்துத்திறன் மீட்டர். கரைசலை அடர்த்தியாகக் கலக்காதீர்கள்: கனமான உப்புநீர் மெதுவான ஓட்டத்தில் விரல் விரலாகக் கீழே இறங்கும், அப்போது நீங்கள் அளப்பது பெட்டை அல்ல, உப்பை.

நம் பெட்டில் எதிர்பார்ப்பு என்ன? இடைவெளி 3.06 லிட்டர், வினாடிக்கு 78.5 மி.லி. ஓட்டம், ஆகவே சராசரி 39 வினாடி. பரவலுக்கு, துகள் விட்டத்தை வைத்துக் கணக்கிடும் பெக்ளே எண் (ஓட்டம் கொண்டுபோவது பரவலைவிட எத்தனை மடங்கு என்பது) திரவங்களுக்கு இந்த ஓட்டத்தில் 0.5 அருகே இருக்கும். பெட் நீளம் துகளைப்போல் 333 மடங்கு. ஆக, பெட்டுக்கான பெக்ளே எண் 167. தொட்டிக் கணக்கில் சொன்னால், நன்றாகக் கலக்கும் சிறு தொட்டிகள் 80-க்கு மேல் வரிசையாக நிற்பதற்குச் சமம். வளைகோட்டின் திட்ட விலக்கம் 4 வினாடிக்குச் சற்று மேல். மீட்டர் இரண்டு வினாடிக்கு ஒருமுறை பதிவு செய்தால் உச்சியே நழுவிவிடும். வினாடிக்கு ஐந்தாறு பதிவாவது வேண்டும்.

வந்த வளைகோட்டை அலசும் முன், அதன் கீழ்ப் பரப்பை ஓட்டத்தால் பெருக்கி, போட்ட உப்பு முழுவதும் வந்ததா என்று பாருங்கள். போட்டது முழுவதும் வரவில்லையென்றால் வாலை வெட்டிவிட்டீர்கள் என்று பொருள். இன்னொன்று: திட்ட விலக்கத்தை நேரடியாகக் கூட்டிக் கழித்து எடுக்காதீர்கள். நீண்ட வாலின் சின்ன இரைச்சல்கூட நேரத்தின் வர்க்கத்தால் பெருக்கப்பட்டு பூதாகரமாகும். மாடலின் வளைகோட்டை அளந்த வளைகோட்டின் மேல் பொருத்தி எண்ணை எடுங்கள்.

சராசரி 39-க்குப் பதில் 33 வந்தால் ஆறில் ஒரு பங்கு இடைவெளி தூங்குகிறது. 39-ஐத் தாண்டினால் மேலும் கீழும் உள்ள வெற்று அறைகளையும் பைப்பையும் கழிக்காமல் விட்டிருப்பீர்கள். நுண்துளைக் குண்டுகளாக இருந்தால் உப்பு உள்ளே போய்த் திரும்புகிறது.

எனக்கு ஒருமுறை இரட்டைத் திமில் வந்தது. 30 வினாடியில் ஒன்று, 42-இல் ஒன்று. இரண்டு வாரம் மாடலைக் குடைந்தேன்; இரண்டு மண்டலம், நடுவே பரிமாற்றம் என்று சமன்பாடுகள் பெருகிக்கொண்டே போயின, வளைகோடும் அழகாகப் பொருந்தியது. பிறகுதான் குழாயைத் திறந்தோம். நொறுங்கலும் முழுசும் கலந்த குண்டுகளை ஒரே இடத்திலிருந்து ஊற்றியிருந்தார்கள். குவியல் ஏறும்போது பெரியவை சரிவில் உருண்டு சுவரோரம் போய்ச் சேர்ந்துவிட்டன. பொடி நடுவில் நின்றுவிட்டது. சுவரோரம் ஒரு பெட், நடுவில் ஒரு பெட். குழாயைச் சுற்றிச் சுற்றி, மெல்லிய அடுக்காக ஊற்றி நிரப்பிய பிறகு திமில் ஒன்றாகிவிட்டது. நான் எழுதிய இரு மண்டலச் சமன்பாடுகள் இன்னும் ஒரு ஃபைலில் கிடக்கின்றன.

எந்த அளவு மாடல்?

வினையில் எவ்வளவு பொருள் மாறும், பெட் நீளம் எவ்வளவு வேண்டும் என்பது மட்டும் கேள்வி என்றால், ஒரு பரிமாண மாடலும் அச்சுவழிப் பரவலும் போதும். ஸ்ப்ரெட்ஷீட்டிலேயே முடித்துவிடலாம். பெக்ளே எண் 167 இருக்கிற பெட்டில், வெகு அதிக மாற்றம் தேவைப்படாத வரை, பரவலையே விட்டுவிட்டாலும் பெரிய பழுதில்லை.

நுழைவாயில், சுவரோர ஓட்டம், சூடான புள்ளி என்று கேள்வி குறுக்குவாட்டில் போனால், பெட்டை நுண்துளை ஊடகமாக வைத்து சிஎஃப்டி (ஓட்டத்தைச் சின்னச் சின்ன செல்களாகப் பிரித்துக் கம்ப்யூட்டரில் கணக்கிடும் முறை) ஓட்ட வேண்டும். ஒவ்வொரு மணியையும் சுற்றித் தண்ணீர் எப்படி வளைகிறது என்றால் மட்டுமே மணிமணியாக வரைய வேண்டும். கடைசி வகைக்கு எல்லோருக்கும் ஆசை. நம் சின்னக் குழாயில் எத்தனை மணிகள் தெரியுமா? சுமார் 3 லட்சத்து 40 ஆயிரம். மணிக்கு 5000 செல் என்று வைத்தாலும் 170 கோடி. ஆசைப்பட்டவர்கள் 300, 500 மணிகள் உள்ள ஒரு துண்டை எடுத்து, அதில் கிடைக்கும் எண்ணை மேல்மட்ட மாடலுக்குக் கொடுப்பதுதான் நடைமுறை.

அப்படித் துண்டு எடுக்கும்போது ஒரு பொறி. இரு மணிகள் தொடும் புள்ளியில் மெஷ் (செல்களின் வலை) நசுங்கி, கணக்கு வெடித்துவிடும். அதைத் தவிர்க்க எல்லா மணிகளையும் 1 சதவீதம் சுருக்கிவிடுவது வழக்கம். ஒரு சதவீதம்தானே? விட்டத்தில் 1 சதவீதம் என்றால் கன அளவில் 3 சதவீதம்; 0.40 வாய்டேஜ் 0.418 ஆகும், அழுத்த இழப்பு 15 சதவீதம் சரியும். சுருக்குவதற்குப் பதில், தொடும் இடத்தில் மட்டும் ஒரு சின்னப் பாலம் போட்டு மூடுங்கள். அந்த இடுக்கில் தண்ணீர் எப்படியும் அசையாமல்தான் நிற்கிறது.

நுண்துளை ஊடகமாக வைக்கும்போது

எர்கனின் இரண்டு பகுதிகளும் இரண்டு தடை எண்களாகப் போகின்றன. சிஎஃப்டி சாஃப்ட்வேர் ஃப்ளூயன்ட் ஆனாலும் ஓப்பன்ஃபோம் ஆனாலும் நிலைமத் தடையை 'அடர்த்தியில் பாதி × வேகத்தின் வர்க்கம்' என்ற வடிவத்தில்தான் பெருக்குகின்றன. அதனால் 1.75-ஐ இரட்டித்து 3.5 என்று போட வேண்டும். நம் பெட்டுக்கு பாகுநிலைத் தடை 10.45 கோடி, நிலைமத் தடை சுமார் 12,000. பாதியை மறந்தவர்களுக்கு 1645-க்குப் பதில் 1345 வரும். 'பரவாயில்லை, கிட்டத்தட்ட' என்று சமாதானம் சொல்லிக்கொள்ளும் அளவுக்கு நெருக்கமான தப்பு. இந்த ரகம்தான் மோசமானது. முதலில் வேறு எதுவும் போடாமல், நேரான பெட், சீரான நுழைவு என்று ஒரு ஓட்டம் ஓட்டி 1645 வருகிறதா என்று பார்த்துவிட்டு மேலே போங்கள்.

ஈர்ப்பு விசையைச் சேர்த்தால் 1 மீட்டர் தண்ணீரின் 9810 பாஸ்கல் உள்ளே வந்து நிற்கும். நமக்கு வேண்டிய 1645 அதற்குள் புதைந்துவிடும். ஒற்றைத் திரவம், ஒரே வெப்பநிலை என்றால் ஈர்ப்பை விட்டுவிடுவது நல்லது. அதேபோல், நம் பெட்டில் துகளை வைத்துக் கணக்கிடும் ரெனால்ட்ஸ் எண் (நிலைம விசைக்கும் பாகுநிலை விசைக்கும் உள்ள விகிதம்) 30-தான். வர்க்கப் பகுதி இருப்பதாலேயே கொந்தளிப்பு ஓட்டம் என்று நினைத்து டர்புலன்ஸ் மாடலைப் போடாதீர்கள். தண்ணீர் மணிக்கு மணி திசை திரும்பி, விரிந்து, சுருங்கிப் போவதால் வருவது அந்தப் பகுதி.

சுவரோரத்தைப் பற்றிக் கொஞ்சம். உருண்டை மணி சுவரை ஒரு புள்ளியில்தான் தொடும். ஆகவே சுவரை ஒட்டி வாய்டேஜ் 1-ஐ நெருங்கும், உள்ளே போகப் போக ஏறி இறங்கி, நாலைந்து மணி விட்டத்துக்குள் அடங்கும். மாடலில் அந்த ஏற்ற இறக்கத்தை விட்டுவிட்டு, சுவரில் உயர்ந்து சீக்கிரம் தணியும் ஒரு வளைகோட்டைப் போடலாம்: உள்வாய்டேஜ் × (1 + 1.36 × இ-யின் அடுக்கு −5 × சுவரிலிருந்து தூரம் ÷ விட்டம்). நம் பெட்டில் சுவரில் 0.92, அரை மணி தூரத்தில் 0.43. அந்த ஒரு மணி அகலத்துக்குள் குறைந்தது பத்து செல்களாவது இல்லையென்றால் இதைப் போட்டும் பிரயோஜனம் இல்லை.

குழாய் விட்டம் மணியைப்போல் 33 மடங்கு என்பதால் நமக்குப் பெரிய ஆபத்தில்லை: அரை மணி அகல சுவரோர வளையம் குறுக்குப் பரப்பில் 6 சதவீதம்தான். இதே மணிகளை 3 செ.மீ. குழாயில் போட்டால் அந்த வளையம் 19 சதவீதம். அங்கே எடுத்த எண்ணைப் பெரிய ரியாக்டருக்குக் கொண்டுபோகிறவர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

நுழைவாயிலில் பலரும் அசட்டையாக இருப்பார்கள். "பெட்டே தண்ணிய பரப்பிவிட்டுடும்" என்பார்கள். கணக்குப் பாருங்கள். 10 மி.மீ. பைப் வழியாக நம் தண்ணீர் வந்தால் வேகம் வினாடிக்கு 1 மீட்டர். அந்தத் தாரையின் உந்தழுத்தம் 500 பாஸ்கல். பெட்டின் தடை மீட்டருக்கு 1645. ஆக, தாரையின் பலம் 30 செ.மீ. பெட்டின் தடைக்குச் சமம். அது மேல் அடுக்கில் குழி பறிக்கும்; பறிக்காவிட்டாலும் மேல் மூன்றில் ஒரு பங்கு சீராக இராது. பெட் தடை உந்தழுத்தத்தைவிடப் பல மடங்கு இருந்தால்தான் பெட்டை நம்பி விடலாம். இல்லையென்றால் துளைத் தட்டு வைக்க வேண்டும், மாடலிலும் அதை வரைய வேண்டும்.

வாயுவும் கூட வந்தால்

திரவமும் வாயுவும் சேர்ந்து கீழே இறங்கும் ட்ரிக்கிள் பெட், பெட்ரோலியத்தில் கந்தகம் நீக்கும் ரியாக்டர்களில் சாதாரணம். இங்கே மேலே சொன்னதெல்லாம் அடித்தளம் மட்டுமே. தண்ணீர் இடைவெளியை நிரப்பாமல் மணிகளின் மேல் ஏடாகவும் ஓடையாகவும் வழிகிறது. புதிதாக இரண்டு எண்கள் வேண்டும்: பெட்டில் எவ்வளவு திரவம் தங்கியிருக்கிறது, மணி மேற்பரப்பில் எவ்வளவு நனைந்திருக்கிறது.

தங்கும் திரவத்தை அளக்க, ஓடிக்கொண்டிருக்கும்போதே மேல் வால்வையும் கீழ் வால்வையும் ஒரே நொடியில் மூடி, வடித்து நிறுக்கலாம். வடிவது ஓடும் பங்கு. வடியாமல் ஒட்டியிருப்பது நிலைப் பங்கு. முன்பு வாய்டேஜ் அளக்கையில் தொல்லை கொடுத்த அதே ஒட்டுநீர் இங்கே ஒரு அளவீடாகிறது.

மாடல்களில், ஹோலபும் கூட்டாளிகளும் 1992-இல் கொடுத்த பிளவு மாடல் கைக்கணக்குக்கு வசதி: இடுக்கை ஒரு சாய்ந்த பிளவாக எண்ணி, அதன் சுவரில் திரவ ஏடும் நடுவில் வாயுவும் ஓடுவதாக வைக்கிறது. சிஎஃப்டிக்கு, அட்டூவும் கூட்டாளிகளும் 1999-இல் கொடுத்த இழுவிசை வடிவங்களை இரு பாய்ம மாடலில் (வாயுவையும் திரவத்தையும் தனித்தனிப் பாய்மமாக வைக்கும் மாடல்) போடுவது வழக்கம். இரண்டுக்குமே எர்கனின் எண்கள் உள்ளே போகின்றன. ஒற்றைத் திரவத்தில் எடுத்த நேர்கோடு இங்கே கைகொடுக்கும்.

ஆனால் எந்த மாடலும் தானாகச் சொல்லாத ஒன்று உண்டு. காய்ந்த பெட்டில் நேராகத் தண்ணீர் விட்டால், அது நாலைந்து ஓடைகளைப் பிடித்துக்கொண்டு அதிலேயே போகும். மற்ற மணிகள் காய்ந்தே கிடக்கும். அதே பெட்டை முதலில் முழுக்க நிரப்பி, வடித்து, பிறகு அதே ஓட்டத்தில் விட்டால் ஏடாகப் பரவும். ஓட்டம் அதே, வாயு அதே. அழுத்த இழப்பு வேறு, நனைந்த பரப்பு வேறு. ஆகவே எண்ணை எழுதும்போது பக்கத்திலேயே 'நிரப்பி வடித்த பிறகு' என்றோ 'காய்ந்த நிலையிலிருந்து' என்றோ எழுதியே ஆக வேண்டும். காற்றையும் தண்ணீரையும் வைத்துச் சாதாரண அழுத்தத்தில் எடுத்த படங்களை, உயர் அழுத்தத்தில் ஹைட்ரோகார்பனுக்குப் போடவும் கூடாது: பரப்பு இழுவிசை வேறு, வாயு அடர்த்தி வேறு, துடிப்பு ஓட்டம் (திரவம் அலை அலையாகத் துடித்து இறங்குவது) தொடங்கும் இடமும் வேறு.

மாடலும் அளவீடும் ஒத்துப்போனதும் பெட்டைக் கொட்டி, திரும்ப நிரப்பி, வாளியை மறுபடி எடுங்கள். கடைசியாக நான் அப்படிச் செய்தபோது 3.06 லிட்டருக்குப் பதில் 3.02 போனது; மூன்றாம் முறை 3.09. மாடலில் 0.384, 0.39, 0.393 மூன்றையும் போட்டு ஓட்டினேன். அந்த மூன்றுக்கும் நடுவே உள்ள பட்டையைத்தான் அறிக்கையில் வைத்தேன், ஒற்றைக் கோட்டை அல்ல. குழாயின் கழுத்தில் இப்போது ஒரு அட்டை தொங்குகிறது: நிரப்பிய தேதி, எத்தனை தட்டு, எத்தனை மி.லி., தண்ணீர் எத்தனை டிகிரி.